கிரகண காலமும் சைவாசிரியர் கடமையும்



2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆந் திகதி ஞாயிறு இரவு பூரண சந்திரகிரகணம் நிகழ்ந்தது. இலங்கை நேரப்படி 9 மணி 57 நிமிடத்தில் நிழல் பற்றிற்று. 11 மணியளவில் மதி முழுதும் மறைப்புண்டது. நள்ளிரவு கழிந்து 1 மணி 26 நிமிடத்தில் மோட்சமாயிற்று. அன்று தெஹியோவிட்டையை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலே நாம் கண்டதை இங்கு கூறாதிருக்க இயலவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை நண்பகல் தொட்டே அறையினுள் இருத்தி, சாளரத்தைச் சாக்கினால் மூடி, ஒரு மிடறு நீருங் கொடாது வைத்திருந்தனர். ஏன் என்றோம். “மாஸ்டர், நாங்க சாமி கும்புடுறவங்க, சாஸ்திரத்தை மீற முடியுங்களா?” என்றார் மாமியார். மருத்துவிச்சியம்மா வந்து கடிந்துரைத்த பின்னரே அப்பெண்ணுக்குத் தண்ணீர் கிடைத்தது.

அம்மூதாட்டியை நாம் நொந்துகொள்ளோம். சாஸ்திரம் யாது கூறிற்று என அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நாமன்றோ?

நாம் பாதிரிமார் தாபித்த பாடசாலையிற் கற்றவர். கிரகண பாடம் வரும்போதெல்லாம் அங்கே ஓர் ஆசிரியர், “பாம்பு விழுங்கிய கதையை உங்கள் வீட்டிற் கேட்டுவாருங்கள்” என்று எம்மை நோக்கி நகைப்பார். விடை அறியாது தலைகுனிந்திருந்தோம். விடையோ 499ஆம் ஆண்டிலே ஆரியபடர் செய்த நூலிலேயே இருந்தது. சூரியனைச் சந்திரன் மறைத்தலும், சந்திரனைப் பூமியின் நிழல் மறைத்தலுமே கிரகணம் என்பது அந்நூற் கொள்கை.

அங்ஙனமாயின் இராகு கேதுக்கள் யாவர் என மாணாக்கர் வினவுவர். சந்திரன் செல்லும் வழி, சூரியன் செல்வதாகத் தோன்றும் வழியோடு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்துள்ளது. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டு. அவையே கணிதநூலார் கொண்ட இராகுவும் கேதுவுமாம். பூரணையோ அமாவாசையோ அவ்விடங்களின் அருகே நேர்ந்தாலன்றிக் கிரகணம் இல்லை. மாதந்தோறும் நிகழாமைக்கும் இதுவே காரணம். புராணம் பாம்பென உருவகித்ததைக் கணிதம் புள்ளியெனக் குறித்தது. கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இனி, நம்மவர் பலர் சொல்லத் தயங்கும் செய்தியொன்று உண்டு. 1829ஆம் ஆண்டிலே, பஞ்சாங்க கணிதத்திற் புகழ்பெற்ற அராலி விசுவநாத சாஸ்திரியார் ஒரு சந்திரகிரகணத்துக்குக் குறித்த கணக்கும், வட்டுக்கோட்டைச் செமினரியில் தானியேல் பூவர் குழுவினர் குறித்த கணக்கும் மாறுபட்டன. கிரகண இரவிலே பொருந்தியது செமினரியார் கணக்கே. இதனை மறைத்தல் தகாது. ஆயின் இதனால் நம் மரபே பொய்யென்பதும் தகாது. புதுச்சேரியிலே தமிழரொருவரிடம் நம் கணிதமுறையைக் கற்ற பிரெஞ்சுப் பண்டிதர் லெ ஜாந்தீல், 1765ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதிச் சந்திரகிரகணத்தின் கால அளவிலே தமிழர் கணக்கு 41 விநாடியே குறைந்ததென்றும், ஐரோப்பியரான மாயர் வகுத்த அட்டவணை 68 விநாடி மிகுந்ததென்றும் எழுதினார். அதே புதுச்சேரியிலே 1825இல் ஒரு பஞ்சாங்ககாரர் சோகிகளை நிலத்தில் வைத்து மனக்கணக்காகவே கிரகணங் கணித்தார். அவர் குறித்த முடிவு நேரமோ 52 நிமிடம் பிழைத்தது. ஆகவே பழைய வாக்கியங்கள் ஒருகாற் பொருந்தும், ஒருகாற் பொருந்தா.

பொருந்தாவிடின் செய்யத்தக்கது யாது? மலையாள நாட்டுப் பரமேசுவரர் செய்து காட்டினார். 55 ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணாற் பார்த்துக் குறித்து, முன்னோர் எண்களைத் திருத்தி, 1431இல் திருக்கணிதம் என்னும் நூலை இயற்றினார். வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தியதனால் அவர் நாத்திகராகவில்லை. பார்ப்பதை விடுத்து எண்ணை மட்டும் ஒப்புவித்த நாமே மரபினின்றும் வழுவினோம் என்பது எம் கருத்து.

நீராடல், செபம், தானம் என்பனவற்றை நாம் விலக்கவில்லை. ஆலயத்தார் நடை சாத்துவதும், மோட்சத்தின் பின் சுத்தி செய்து திறப்பதும் நிகழ்க. திருக்காளத்தியில் அக்காலத்தும் நடை திறந்திருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வழக்கம் இடந்தோறும் வேறுபடும் என அறியட்டும். பாலர், விருத்தர், நோயாளர் என்போருக்கு உணவு விலக்கைத் தளர்த்துவது பழைய வழக்கே. கர்ப்பிணியை அவ்வரிசையிற் சேர்க்கத் தயங்குவானேன்? நிழலால் கருவுக்குத் தீங்கில்லை, நீரின்மையால் உண்டு.

சூரியகிரகணத்திலோ அஞ்சத்தக்கது ஒன்று மெய்யாகவே உண்டு. அது கண்ணுக்கு நேருங் கேடு. புகைபிடித்த கண்ணாடியும் மஞ்சள் நீர்ப் பாத்திரமும் காப்பல்ல. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலை, யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சூரியன் கங்கணமாய்த் தோன்றிற்று. இங்கே ஒரு பகுதியே மறைந்தது. அன்று லயத்துப் பிள்ளைகளை ரப்பர் மரநிழலில் நிறுத்தி, நிலத்தைப் பார்க்கச் சொன்னோம். இலையிடைவெளிகளினூடே விழுந்த ஒளித்துளிகள் யாவும் பிறைகளாய்க் கிடந்தன. சூரியனை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கிரகணத்தின்போது, வாக்கியம் திருக்கணிதம் என்னும் இரு பஞ்சாங்கங்களிலும் உள்ள நேரங்களை முதல்நாளே பலகையில் எழுதிவையுங்கள். மாணாக்கர் கடிகாரத்துடன் பார்த்து ஒரு குறிப்பேட்டிற் பதியட்டும். அஃது பாடசாலை அலுமாரியிலே இருக்கட்டும். சப்பிரகமுவ வானத்தை முகில் மறைத்தல் அரிதன்று. காணாதொழியின், காணவில்லை என்றே எழுதச் செய்யுங்கள்.