பேரலையும் பெயரும்

திருவண்ணாமலையை அடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் ஊர் வேங்கிக்கால். மனுக் கொடுக்க வருவோரை நம்பி வாழும் தேநீர்க் கடைகளும் நகல் எடுக்கும் கடைகளும் அங்கு மிகுதி. 2017 பிப்ரவரியில் அவற்றுள் ஒன்றில், ‘வெளிநாட்டுக் குளிர்பானங்கள் இங்கு விற்பதில்லை’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கக் கண்டோம். சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் சனவரி 17 முதல் 23 வரை மக்கள் திரண்டிருந்த நாள்களின் சூடு அப்போது ஆறவில்லை. காளைக்காக எழுந்த குரல் கைப்பேசிகள் வழியே பரவி, தாமிரபரணி நீரைப் பற்றிய பழைய மனக்குறையோடும் கலந்து, பெப்சி, கோக்கோ கோலா ஆகிய இரு பெயர்களுக்கும் எதிரான குரலாகக் கிளைத்தது. மார்ச் 1 முதல் அவற்றை விற்கமாட்டோம் என வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 1916இல் தொடங்கப்பெற்ற காளி மார்க் நிறுவனத்தின் பொவாண்டோவை மக்கள் கேட்டு வாங்கினர். எந்த விளம்பரத்தாலும் பெற முடியாத அன்பு அது.

ஓராண்டு கழிந்தபின் அதே கடையில் அட்டை இல்லை. குளிர்பெட்டியில் எல்லாப் புட்டிகளும் இருந்தன. காரணம் கேட்டோம். “கேக்குறாங்க சாமி, வைக்காம என்ன செய்யுறது?” என்றார் கடைக்காரர். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அட்டையைத் தொங்கவிட்டபோது அவர் பொய்யரல்லர், கழற்றியபோதும் அல்லர்.

இவ்வலைகள் எங்ஙனம் எழுகின்றன? ஒரு பொருள் பற்றிய பேச்சுகளை ஒரே குறியின்கீழ்த் திரட்டும் ‘ஹேஷ்டேக்’ முறை 2007இல் டிவிட்டரில் (இன்று அதன் பெயர் எக்ஸ்) முன்மொழியப்பட்டது. ‘டிரெண்டிங்’ எனும் பட்டியலோ, ஒன்றைப் பற்றி எத்தனை பேர் பேசினர் என்பதை மட்டும் பார்ப்பதன்று. எவ்வளவு விரைவாகப் பேச்சு பெருகியது என்பதையே முதன்மையாய்ப் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் அமைதியாகப் பேசப்படும் உண்மை அப்பட்டியலில் ஏறாது. ஒரு மணி நேரச் சினம் ஏறிவிடும். டிவிட்டரில் 2006 முதல் 2017 வரை உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். மெய்ச்செய்தியை விடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என 2018இல் அவர்கள் வெளியிட்டனர். எந்திரங்களை விட மனிதரே இதற்குக் காரணம் என்றும் அவர்கள் கண்டனர். புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இதைக் கேட்டு வியந்திருக்கமாட்டார்.

நிற்க. வணிக நிறுவனங்களுக்கு இவ்வலை வேண்டியதொரு கடிவாளம் என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2021 அக்டோபரில், உணவு கொண்டுதரும் சொமேட்டோ நிறுவனத்திடம் குறை சொன்ன தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, இந்தி தேசிய மொழி, அதை எல்லாரும் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும் என்னும் பொருள்பட மறுமொழி வந்தது. அரசியலமைப்பில் அப்படி ஒரு தேசிய மொழியே இல்லை. மறுநாள் அந்நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் முழக்கம் நாடெங்கும் முன்னின்றது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது; கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைப்பதாகவும் சொன்னது. மொழியுரிமை கேட்டவர்க்கு அது வெற்றியே.

ஆனால் அதே அறிக்கையில், மறுமொழி தந்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. சில மணி நேரத்தில் நிறுவனத்தின் தலைவர் தீபிந்தர் கோயல், அவரை மீண்டும் வேலையில் சேர்ப்பதாக அறிவித்தார். ஒரு பகற்பொழுதுக்குள் ஒருவரது பிழைப்பு போயிற்று, வந்தது. தவறான பாடத்தை யாரோ அவருக்குக் கற்பித்திருந்தனர். விலை கொடுக்க நின்றவரோ அவர். பேரலை பெரிய பெயர்மீது மோதும்போது, அப்பெயர் தன் கீழ் நிற்கும் சிறியவரை முன்னே தள்ளிவிடுகிறது. பெப்சிக்கு ஒரு கோடைக்கால விற்பனை குறைந்திருக்கலாம். அதைத் தாங்கும் முதல் அதனிடம் உண்டு. மன்னிப்பு எழுதித் தருவதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளப் பெருநிறுவனங்களால் இயலும். தன் பெயரைத் தவிர வேறு முதலில்லாதவர் என் செய்வார்?

இவ்வினாவை நாம் வெளியில் நின்று கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகைத் தீபத்துக்கு முந்திய வாரம், 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் உள்ள ஒரு சிற்றுண்டிச் சாலையின் பெயரோடு காணொளி ஒன்று நமது கைப்பேசிக்கு வந்தது. உணவில் புழு நெளிந்தது. மக்களை எச்சரிக்கும் கடமை என்றெண்ணி, பங்கு மக்களின் வாட்சப் குழுவுக்கு அதை அனுப்பினோம். அனுப்ப ஒரு நொடி கூட ஆகவில்லை. காணொளி வேறு மாநிலத்தது என்பது தீபம் முடிந்த பிறகே தெரிந்தது. ஆண்டு முழுதும் காத்திருந்த அந்த ஒரு வாரத்தில் அக்கடையில் வாங்கிய மாவும் காய்கறியும் வீணாயின என்று கேள்விப்பட்டோம்.

ஒருவரது நற்பெயரைக் கெடுத்தவர் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் எனக் குருமடத்தில் படித்திருக்கிறோம். புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், ஏவியவர், உடன்பட்டவர், பங்கேற்றவர், தடுக்காமல் வாளாவிருந்தவர் எனப் பலருக்கும் இக்கடமை எவ்வளவு உண்டென ஆராய்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு அறிஞருக்கு, ‘ஃபார்வர்டு’ செய்தவரைப் பற்றி எழுதும் தேவை நேரவில்லை. ஆயிரம் பேர் ஆளுக்கொரு விரலசைவால் ஒரு பெயரைக் கெடுத்தால், ஆயிரத்தில் ஒரு பங்குதான் நம்முடையதா? அப்படியெனில் கடையின் இழப்பை ஒருவரும் உணரப்போவதில்லை. முழுப்பழியும் நம்முடையதென்பதும் மிகை. எனினும் நாம் யாருக்கு அனுப்பினோமோ அவர்களிடம் உண்மையைச் சேர்ப்பது முழுமையாக நமது கடன். அதில் பங்கு பிரிக்க இயலாது.

அதன்படி அதே குழுவில் மறுப்பு எழுதினோம். காணொளியைக் கண்டு அச்சமும் அருவருப்பும் தெரிவித்தவர் நாற்பதுக்கு மேல்; மறுப்புக்கு விடை தந்தவர் மூவர். ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பாகவும் சொன்னோம். பின் ஒருநாள் கடைக்கே சென்று, நம்மை இன்னார் எனக் கூறி, நாமும் அனுப்பினோம் என்றோம். உரிமையாளர் சற்று நேரம் பேசவில்லை. “உக்காருங்க சாமி, இட்லி சூடா இருக்கு” என்றார். உண்டோம். பணத்தை வாங்கிக்கொண்டார், அது நமக்கு ஆறுதலாயிருந்தது.

வெளியே வந்தபோதுதான் பலகையை நிமிர்ந்து பார்த்தோம். காணொளியில் வந்த பெயர், அவருடைய தந்தையார் பெயராம். அது அழிக்கப்பட்டு, புது வண்ணத்தில் வேறு பெயர் எழுதப்பட்டிருந்தது.