சான்றிதழும் தகுதியும்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவனை ஒரு கவலை பற்றிக்கொள்கிறது. விடுமுறைக்குள் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் ‘இன்டர்ன்ஷிப்’ எனப்படும் பணியிடப் பயிற்சியை முடித்தாக வேண்டும். வேலைக்கான நேர்காணல்கள் தொடங்குமுன் அதற்குரிய சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இக்கவலையில் குற்றமேதுமில்லை. கல்விக்கடன் பெற்றுப் படிக்க வைக்கும் பெற்றோரின் பிள்ளை வேலையைப் பற்றி எண்ணுவது இயல்பு. நேர்மையாகப் பொருளீட்டுவதும் வாழ்க்கைக் கடமைகளுள் ஒன்றே. ஆயினும் பரபரப்புக்கிடையே ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள மறந்துவிடுகிறோம். இந்தப் பயிற்சி நம்மிடம் எதை உருவாக்க வேண்டும்?

பிழையின் விலை

தேர்வுத்தாளில் ஒரு மாணவன் தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டால் இரண்டு மதிப்பெண் குறையும். இழப்பு அவனுக்கு மட்டுமே. அதே பிழை மருத்துவமனையில் மருந்தின் அளவில் நேர்ந்தால், அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. தணிக்கையாளர் அலுவலகத்தில் நேர்ந்தால், யாரோ ஒரு சிறு வணிகர் அபராதம் செலுத்த நேரிடும். மாணவப் பருவத்தில் நம் பிழை பெரும்பாலும் நம்மோடு நின்றுவிடுகிறது. பணியில் அது பிறர் தலையில் விழுகிறது. படிப்புக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு இதுதான்.

இதனை உணர்ந்தே பல துறைகள் இரண்டிற்கும் நடுவே ஒரு பழகுகாலத்தை அமைத்திருக்கின்றன. எம்.பி.பி.எஸ். தேர்வில் வென்றவர், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்பினருக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பினருக்கு 20 வாரமும் பயிற்சியை வகுத்தன. பட்டயக் கணக்காளர் ஆக விரும்புவோருக்கு நீண்டகாலம் மூன்றாண்டுகளாக இருந்த அலுவலகப் பயிற்சி, 2023 முதல் இரண்டாண்டுகளாக ஆயிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் எல்லாத் துறை மாணவருக்கும் இத்தகைய பயிற்சியை வலியுறுத்துகிறது. ‘என் செயலின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார்’ என்ற உணர்வு நம்முள் வேரூன்றுவதற்குத் தரப்படும் அவகாசம் இது.

விலைக்கு வாங்கும் அனுபவம்

இப்பயிற்சிக்குச் செல்லாமலே சான்றிதழ் பெறும் வழிகளும் உண்டு என்பதை மாணவர் பலர் அறிவர். பணம் செலுத்தினால் தேதியும் முத்திரையும் இட்டுத் தருவோர் இருக்கிறார்கள். இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை ஆயத்த ஆடை போல விற்கும் கடைகளும் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் சில சமாதானங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

‘எல்லோரும் செய்கிறார்கள், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பது முதல் சமாதானம். நஷ்டம் உண்டு. உண்மையாகவே உழைத்துச் சான்றிதழ் பெற்ற சக மாணவனின் தாளும் சந்தேகத்திற்கு உள்ளாகிறது. தேர்ந்தவர் என்று நம்பிப் பணியை ஒப்படைக்கும் நிறுவனம் ஏமாறுகிறது. அனைத்திற்கும் மேலாக, வாங்கியவனே இழக்கிறான். பிறருக்குத் தீங்கு நேராதபடி மேற்பார்வையில் தவறிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு மீண்டும் எளிதில் கிடைப்பதில்லை. தொழில் வாழ்க்கையின் முதல் பாடமாக அவன் கற்றது, செய்யாததைச் செய்ததாகச் சொல்வது. பொய் வெளிப்படாமலே போகலாம். அப்போதுதான் ஆபத்து அதிகம். அகப்படாத பொய் பழக்கமாகிவிடுகிறது.

‘எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை, கிராமத்திலிருந்து வந்தவனுக்கு யார் இடம் தருவார்கள்?’ என்பது மற்றொன்று. இதில் நியாயம் இருக்கிறது, இதைத் தட்டிக்கழிக்கலாகாது. பெருநகரத்தில் தங்கிச் சம்பளமின்றி இரண்டு மாதம் உழைக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. இக்குறையைக் கருதியே, 500 முன்னணி நிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞருக்கு உதவித்தொகையுடன் பயிற்சி அளிக்கும் திட்டம் மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு வரவுசெலவு அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. எனினும் பயிற்சி பெரிய பெயருள்ள இடத்தில்தான் கிடைக்கும் என்பதில்லை. சொந்த ஊரின் கூட்டுறவுச் சங்கம், லேத் பட்டறை, தணிக்கையாளர் அலுவலகம் ஆகியவற்றிலும் பிறர் நம்பியிருக்கும் வேலை நடக்கிறது. அங்கே பணிவோடு கேட்டு, ஒரு மாதம் சிரத்தையுடன் உழைத்தவனிடம், நேர்காணலில் சொல்வதற்கு உண்மையான செய்தி இருக்கும்.

அப்துல் கலாம் சென்னையில் விமானப் பொறியியல் பயின்றபின், பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் பணியாற்றியது விமான எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் குழுவில். எண்ணெய்க் கறை படியும் வேலைதான்; ஆனால் அந்த எஞ்சினை நம்பி ஒருவர் வானில் ஏறுவார். பிற்காலத்தில் ராக்கெட் திட்டங்களை நடத்தி, 2002இல் குடியரசுத் தலைவரான அவரது பணிவாழ்வு இவ்வாறே தொடங்கியது.

பெரியவர்களின் பங்கு

பழியை மாணவர் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. பயிற்சியில் என்ன கற்றாய் என்று கேளாமல் சான்றிதழை மட்டும் எண்ணிப் பார்க்கும் கல்லூரி, போலியை அழைக்கிறது. பயிற்சிக்கு வந்தவரை நகலெடுக்கவும் தேநீர் வாங்கிவரவும் மட்டும் அனுப்பும் அலுவலகம், ஓர் இளைஞனின் காலத்தை வீணாக்குகிறது. தொழிற்பழகுநர்க்கு உதவித்தொகை தரவேண்டும் என்று 1961ஆம் ஆண்டிலேயே நம் நாடு சட்டம் செய்தது. கற்பவனின் உழைப்புக்கும் மதிப்புண்டு என்பதே அதன் பொருள். பெற்றோரும், ‘எங்கே சேர்ந்தாய்?’ என்பதோடு நில்லாமல் ‘இன்று என்ன செய்தாய்?’ என்று கேட்கலாம்.

திருக்குறளின் பொருட்பாலில் ‘வினைத்தூய்மை’ என்ற அதிகாரம் முதலிலும் ‘வினைத்திட்பம்’ என்ற அதிகாரம் அடுத்தும் அமைந்துள்ளன. செயலில் தூய்மை இருந்தால்தான் அதிலுள்ள உறுதி நன்மை பயக்கும் என்று இந்த வரிசையை நாம் பொருள் கொள்ளலாம். திறமை மட்டும் வளர்ந்து நேர்மை வளராதவனிடம் எந்தப் பொறுப்பை ஒப்படைப்பது?

ஆகவே, பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வார்களாக. ஒவ்வொரு மாலையும் மூன்று கேள்விகளுக்கு அதில் விடை எழுதலாம்: இன்று நான் செய்த வேலை யாருக்குப் பயன்படும்? அதில் எங்கே தவறினேன்? தவறியதை உரியவரிடம் உடனே சொன்னேனா? இரண்டு மாதம் இப்படி எழுதியவனுக்கு ஒருவேளை பகட்டான சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். ஆனால் முதல் நாள் அலுவலகத்தில் அவன் மேசைமீது வைக்கப்படும் கோப்பு, நம்பத்தக்க ஒருவரின் கையில் சேர்ந்திருக்கும்.