கொற்கையில் செத்த ஆயிரம் பேர்

நம் பிள்ளைகள் விளையாடும் 'ராஜா காலத்து' வீடியோ கேம்களில் பலவற்றுக்கும் ஒரே கதைதான். கோட்டைக்குள் ஒரு கொடுங்கோலன். அவனால் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவன். எங்கிருந்தோ ஒரு மந்திர வாள் கைக்கு வருகிறது. போகிற வழியில் நூறு காவலாளிகள் விழுகிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, வீட்டில் சோறு வடித்துவைத்துக் காத்திருக்கும் மனைவி கிடையாது. விழுந்த மறுநொடி உடல்கூட மறைந்துவிடும். கடைசிக் கட்டத்தில் அரசன் சாகிறான். "இதையெல்லாம் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களை ஒன்று கேட்கிறேன்: பள்ளிக்கூடத்தில் நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மதுரைக் கதை வேறென்ன?

சிலப்பதிகாரக் கண்ணகியைச் சொல்கிறேன். அது நடந்த வரலாறா, புனைந்த காப்பியமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எந்த இடத்தில் நாம் கைதட்டுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அவள் கணவன் கோவலன் செத்த விதத்தைப் பாருங்கள். ஊடலில் எழுந்து போன அரசியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருக்கிறான் பாண்டியன். வழியில் பொற்கொல்லன் ஒருவன் வந்து, சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவாகிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. காவலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். இவன் முகத்தில் கள்ளத்தனம் தெரியவில்லையே என்று ஒருவனுக்குத் தயக்கம். திருடர்களின் தந்திரங்களைப் பற்றிப் பொற்கொல்லன் ஒரு நீண்ட பிரசங்கம் செய்கிறான். அதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இன்றைய பேச்சில் இதற்குப் பெயர் என்கவுன்ட்டர். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவினார்கள். அது கொல்லும் நோக்கத்தோடு சுட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் சொன்னபோது, தூவிய பூவைத் திரும்பப் பொறுக்க யாரும் போகவில்லை. கோவலனுக்காக அழுகிற கண்ணும் என்கவுன்ட்டருக்குக் கைதட்டுகிற கையும் ஒரே உடம்பில் எப்படி இருக்கின்றன?

அடுத்த காட்சிதான் கதையின் உச்சம். கண்ணகி அரசவைக்கு வருகிறாள். அழுது மன்றாடவில்லை, வழக்காடுகிறாள். உன் மனைவியின் சிலம்பில் பரல் எது? முத்து. என் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. ஒரு குடிமகள் அரசனைச் சான்று வைத்துத் தோற்கடிக்கிறாள். இதற்கு ஈடான காட்சி உலக இலக்கியத்திலேயே குறைவு என்பேன். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலைகூடக் கையில் சிலம்போடு நியாயம் கேட்கும் கண்ணகிதான். தீப்பந்தம் ஏந்திய கண்ணகி இல்லை.  

பாண்டியன் என்ன செய்தான்? தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு அங்கேயே விழுந்து செத்தான். பின்னாலேயே அரசியும் செத்தாள். ஒப்புக்கொண்டு உயிரையே விட்டவனைக் கொடுங்கோலன் என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு ஒப்புக்கொள்கிற அமைச்சர் ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம். வழக்கு முடிந்தது, தீர்ப்பு வந்தது, தண்டனையும் நிறைவேறிவிட்டது. கண்ணகி மதுரைக்கு வைத்த தீ அதற்குப் பிறகுதான் வருகிறது.

தீக்கடவுள் நேரில் வந்து, யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்று பட்டியல் தருகிறாள் கண்ணகி. தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்கிறாள். எந்தக் காலத்து நெருப்பு ஐயா ஆளின் ஒழுக்கத்தை விசாரித்துவிட்டுக் கூரையில் ஏறியது? பட்டியலில் இல்லாதவர்களையும் எண்ணிப்பாருங்கள். கூலக்கடையில் மூட்டை தூக்குகிற இளவட்டம் இல்லை. பத்தினி என்று ஊர் சான்றிதழ் தராத பெண் இல்லை. ஆடல் மகளிர் தங்கள் அரங்கை இழந்து நின்றதைக் காப்பியம் எழுதிய இளங்கோவே சொல்கிறார். கோவலன் கொலையில் அவர்களுக்கு என்ன பங்கு? சிலப்பதிகாரத்தைப் பெரியார் கடுமையாகச் சாடியதும், 1964இல் கலைஞர் அதையே 'பூம்புகார்' என்று திரைக்குக் கொண்டுவந்ததும் ஒரே பகுத்தறிவு முகாமுக்குள் நடந்தவை. கற்பைப் பற்றி வேண்டுமட்டும் சண்டை போட்டாகிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறோர் இடம்.

மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது, வெப்பு நோய் பரவுகிறது. கொற்கையில் இருந்த இளைய பாண்டியன் வெற்றிவேற் செழியன் என்ன செய்கிறான்? பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுக்கிறான். ஒரே பகலில். உடனே மழை பெய்தது, நோய் நீங்கியது, நாடு செழித்தது என்று முடிகிறது அந்தச் சேதி. காப்பியத்தின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரையிலும் இருக்கிறது, வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையிலும் இருக்கிறது. இரண்டிலும் சில வரிதான். ஒரு கோவலன் வெட்டுப்பட்டதற்கு ஒரு காதை முழுக்க ஒதுக்கிய கவி, ஆயிரம் பேருக்குச் சில வரியோடு நிறுத்திக்கொள்கிறார்.

குற்றம் செய்தவன் ஒருவன். பலியான ஆயிரம் பேர் செய்த குற்றம், அவன் செய்த தொழிலைச் செய்தது. தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று இன்றும் வாய் கூசாமல் பழமொழி சொல்கிறோமே, அந்தப் புத்திதான் கொற்கையில் வாளாக இறங்கியது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். புகைக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்கிற ஆசாரிக்கு, பெரும்பாலும் கையில் இருக்கும் பொன் சொந்தமில்லை. எங்கோ ஒருவன் திருடினான் என்பதற்காக அவர் கழுத்தைப் பிடித்தால் பொறுப்போமா? மாட்டோம் என்றுதான் சொல்வோம். ஆனால் மேடையில் "மதுரையை எரித்த கற்பின் கனல்" என்றதும் கைதட்டுகிறோம். அந்தக் கனலுக்குக் கொடுத்த ஆயிரம் பலிகளைப் பற்றிக் கேட்பதில்லை.

மழை பெய்ததே என்பீர்கள். பஞ்சம் எத்தனை வருடம் நீண்டாலும் ஒருநாள் முடியத்தான் செய்யும். முடிவதற்கு முந்தின நாள் நீங்கள் எதைச் செய்திருந்தாலும் அதுதான் காரணம் என்று ஆகிவிடும். கழுதைக்குக் கல்யாணம் செய்திருந்தால் கழுதைக்குப் பெருமை. செழியன் ஆளைக் கொன்றான். அதனால் கொலைக்குப் பெருமை.

இதைவிடத் தந்திரமானது ஊழ்வினைக் கணக்கு. மதுரையின் காவல் தெய்வம் கண்ணகியிடம் வந்து முற்பிறப்பை விளக்குகிறது. கோவலன் அப்போது பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டு உயிரைவிட்டாள், அந்தப் பழிதான் இது என்கிறது. அப்படியானால் பாண்டியன் மேல் என்ன தப்பு? அவன் ஊழின் கையாள். பொற்கொல்லனும் கையாள்தான். எல்லாம் முன்பே எழுதிவைத்தது என்றால் ஊரை ஏன் எரிக்க வேண்டும்? செத்தவன் தலையிலேயே குற்றத்தைக் கட்டிவிடுகிற இந்தக் கணக்கு, சேரிக்காரனிடம் "போன பிறவிப் பாவம்" என்று சொன்ன அதே கணக்கு.

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் மதுரை ஒரு நிஜக் கொடுங்கோலனைப் பார்த்திருக்கிறது. 1340களில் இங்கே ஆண்ட சுல்தான் கியாசுதீன், பிடிபட்ட ஆட்களைக் கழுவேற்றி, அவர்கள் மனைவி மக்களையும் கொன்றதைப் பயணி இபின் பதூதா கண்டு எழுதியிருக்கிறார். சுல்தானின் விருந்தாளியும் உறவினருமான அவருக்கே அருவருத்தது. அந்த ஆளை எந்த வீரனும் பழிவாங்கவில்லை. மதுரையில் கொள்ளை நோய் பரவிய காலத்தில் தாயையும் மகனையும் பறிகொடுத்து, பின்னால் அவனும் செத்தான். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து கொன்றது வேறொரு சுல்தானை. கம்பணன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்று காவியமே எழுதினார். அதில் ஒரு பெண் கனவுபோல் வந்து, சீரழிந்த மதுரையைச் சொல்லி அழுது, தெய்வ வாளைக் கொடுக்கிறாள். வீடியோ கேம் கதை எழுதுகிறவர்கள் இதைப் படித்ததில்லை. ஆனாலும் அதே வாள்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2025 ஜூன் மாதக் கடைசி. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற சாலையில் திருப்புவனம், அதையொட்டி மடப்புரம். அங்குள்ள காளி கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த இளைஞர் மேல் காரில் இருந்த நகை காணோம் என்று புகார். தனிப்படைப் போலீசார் அடித்ததில் அவர் செத்தார். மறுபடியும் நகை, மறுபடியும் விசாரணையற்ற சாவு. ஆனால் இந்த முறை யாரும் ஊரைக் கொளுத்தவில்லை. அடித்ததை ஒருவர் ஒளிந்து நின்று படம் பிடித்தார். உடற்கூறாய்வு 44 காயங்களைக் கணக்கெடுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேள்விமேல் கேள்வி கேட்டது. ஐந்து காவலர்கள் கைதானார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. அந்தப் படமும் அந்த 44ம்தான் இன்றைய மாணிக்கப் பரல்கள். தண்டிக்க வேண்டியது அடித்த கையையும் அடிக்கச் சொன்ன வாயையும். காவலர் குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை.

மதுரைப் பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்ணகியா மாதவியா என்று பேசிப் பேசி மைக்கே தேய்ந்துவிட்டது. கொற்கையில் கொல்லப்பட்ட ஆயிரம் பொற்கொல்லர் செய்த குற்றம் என்ன என்று ஒரு தலைப்பு வையுங்கள். செழியன் கட்சியில் பேச யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.