ஊருக்குப் பெற்ற பிள்ளை

காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் அந்த ஒன்பது ஆண்டுகளும் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். சென்னைக்கு வந்து மகனோடு குடியிருக்கவில்லை. மகன் மாதாமாதம் அனுப்பியது 120 ரூபாய் என்பார்கள். நகராட்சிக்காரர்கள் அந்த அம்மாவுக்கு வீட்டுக்கே தனிக்குழாய் போட்டுக் கொடுத்ததும், தகவல் தெரிந்த காமராஜர் அதை எடுக்கச் சொல்லிவிட்டதும் இன்றுவரை மேடைதோறும் சொல்லப்படும் சம்பவம்.

சொல்பவர்கள் மகனின் நேர்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தத் தாயின் பக்கம்தான் மனம் போகிறது. மகன் சிறுவனாக இருக்கும்போதே கணவர் போய்விட்டார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்று, பையன் மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். இனி தலையெடுத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வார் என்று தாய் நம்பியிருப்பார். காமராஜரோ 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். திரும்பத் திரும்பப் போனார். கூட்டினால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வரும். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஒரு தாய் மகனிடம் ஆசைப்படக்கூடியவற்றில் எது அவருக்குக் கிடைத்தது? 1956இல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போடத் தொடங்கியபோது எத்தனையோ தாய்மார் அந்த மகனை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துக்கான விலையில் ஒரு பங்கை விருதுநகர் வீடு கட்டியிருந்தது.

குழாயை எடுத்தது தாய்க்குச் செய்த கொடுமை என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் முதலமைச்சர். தாயும் அந்த வரிசையில் ஒருவர். அந்த இடத்தில் தாயை நிறுத்தத் துணிந்த மகனைப் பெற்றது பெருமைதான். சுமக்கக் கனமான பெருமை.

நாம் வழக்கமாகப் பெருமை என்று சொல்வதில் பெற்றவர்களுக்கும் ஏதோ ஒன்று வந்து சேரும். நல்ல மார்க், பெரிய சம்பளம், வெளிநாட்டு வேலை எல்லாம் அப்படித்தான். அதில் தப்பொன்றும் இல்லை. ஊருக்கு உழைக்கிற பிள்ளையின் வீட்டில் மட்டும், வருவதைவிடப் போவது அதிகம்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். மகன் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அங்கே டிரைவரைப் பைலட் என்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பண்டிகை, விடுமுறை எதுவும் கிடையாது. தீபாவளி அன்றுதான் தீக்காயமும் சாலை விபத்துமாக வேலை கூடும். காலர் ஓரத்தில் மஞ்சள் வைத்த புதுச்சட்டை சாமி படத்துக்கு முன்னால் மாலைவரை அப்படியே இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வரும் மகனின் சீருடையை அந்த அம்மா தனி வாளியில் போடுவார். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, கறை பிடித்துக்கொள்ளும் என்று பச்சைத்தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையால் கசக்குவார். யாருடைய ரத்தம் என்று கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனைப் பாராட்டினால் சிரிப்பார், உள்ளே வந்ததும், “நல்ல நாளுல ஒரு வாய் சேர்ந்து சாப்பிட முடியுதா?” என்பார். இரண்டுமே உண்மை. பெருமை இருக்கும் இடத்தில் குறை இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? குறையே இல்லாத பெருமையில் பெற்றவர்கள் எதையும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் அவருடைய கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. மகன் அப்போது வேறொரு தாலுகாவில், யாரோ ஒரு பிரசவக் கேஸோடு போய்க்கொண்டிருந்தார். போன் எடுக்கவில்லை, வண்டியில் இருந்தால் எடுக்க மாட்டார். அந்த அம்மாவும் எல்லாரையும்போல 108ஐத்தான் அழைத்தார். முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் வந்து, பெரியவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

“நம்ம புள்ள யாரு வீட்டு வாசல்லயோ நின்னப்ப, யாரு பெத்த புள்ளயோ நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு” என்று பிறகு அந்த அம்மா என்னிடம் சொன்னார். மகனை ஊருக்குக் கொடுத்துவிட்டோமே என்ற ஏக்கம் அவருக்குள் அதுவரை இருந்தது. கொடுத்த ஊரில் தானும் ஒருத்தி என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார். அந்தப் பேச்சில் ‘என் மகன்’ என்ற உரிமை சற்றே தளர்ந்து, அதைவிடப் பெரிய ஒன்று வந்திருந்தது. பெற்றவர்களின் பெருமை என்று நான் மதிப்பது அதைத்தான்.

அடுத்த தீபாவளியிலும் மகனுக்கு ட்யூட்டிதான். அந்த அம்மா முறுக்கும் அதிரசமும் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். ஒன்று மகனின் வண்டிக்கு. மற்றது அந்த இரண்டு பையன்களுக்கு.