அச்சில் வந்த தெய்வம்

திருவனந்தபுரத்துக் கலைக்கூடம் ஒன்றில் ஓவியர் ரவிவர்மாவின் தமயந்தி நிற்கிறாள். சிவப்புச் சேலை, எதிரே நளனைப் பற்றிச் சொல்லும் அன்னம். மூல ஓவியமே ஆனாலும் அங்கே யாரும் விளக்கேற்றுவதில்லை. அதே ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி படத்துக்கோ வீடுதோறும் குங்குமமும் பூவும். ஜப்பானியர் நிறத்துக்கொரு மரப்பலகை செதுக்கிப் படங்களை அச்சிட்டார்கள். இங்கே நிறத்துக்கொரு சுண்ணாம்புக்கல். ஆயிரக்கணக்கில் கல்லில் ஒற்றியெடுத்த காகிதத்தில் தெய்வம் இருக்குமா? புனிதம் மூலத்தில் இருப்பதல்ல, வணங்குபவர் அழைப்பதால் வருவது என்றே நினைக்கிறேன்.

பிராணப் பிரதிஷ்டை இல்லாமல் எது தெய்வம் என்று ஆகமவாதி கேட்பார். மஞ்சளைப் பிடித்துவைத்தால் பிள்ளையார் வருகிறாரே! திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936இல்தான். கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுக்குள் அச்சுப்படம் செல்ல எந்தக் கோயில் தந்திரியின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஓர் ஓவியர் வரைந்த வெளுத்த முகமே லட்சுமியின் முகமாக உறைந்துபோனது. உண்மைதான், இழப்புதான். ஆனால் அது கற்பனைக்கு நேர்ந்த இழப்பு, பக்திக்கு அல்ல. பக்திக்கு மூலத்தின் அருகாமை தேவையில்லை என்பதைத் திருவனந்தபுரத்திலேயே காணலாம். அங்கே ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியென்றே நம்புகிறார்கள். அவளுக்கான பொங்காலைத் திருவிழாவன்று தெருவெல்லாம் மூன்று செங்கல் வைத்துப் பெண்கள் பொங்கலிடுகிறார்கள். பலர் நிற்குமிடத்திலிருந்து கோபுரம்கூடத் தெரியாது. நிவேதனத்துக்குத் தீர்த்தம் அவர்களைத் தேடி வருகிறது.