கணக்குக் கேட்பது சந்தேகமா?

பள்ளிவாசலின் ஆண்டுக் கணக்கைக் கேட்டால், "நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வர இப்னுல் லுத்பிய்யாவை அனுப்பிய நபி (ஸல்) அவர்களே, அவர் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. நாமெல்லாம் எம்மாத்திரம்!

வாங்கினால் போதாது, படிக்கவும் தெரிய வேண்டும். நம் கண் முதலில் வங்கி இருப்புக்குத்தான் போகும். 9 லட்சம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மாஷா அல்லாஹ் என்போம். அதில் 7 லட்சம் ஜகாத் என்றால்? அது பள்ளியின் பணமே அல்ல. அத்தவ்பா 60ஆம் வசனம் சொல்லும் 8 வகையினருக்கு உரியது. கரண்ட் பில்லுக்குத் தொட முடியாது. மீதி 2 லட்சம். மாதச் செலவு 1 லட்சம் என்றால், பள்ளிக்கு இரண்டே மாதத் தெம்பு. அந்த 7 லட்சமும் சென்ற ரமழானில் வந்து இன்னும் இருப்பிலேயே கிடந்தால், அதைச் செழிப்பு என்பதா? ஏழையின் வீட்டுக்குப் போகாமல் வழியில் நின்றுவிட்ட பணம் அது.

"நிர்வாகச் செலவு ஒரு பைசா இல்லை" என்ற வரியிலும் மயங்க வேண்டாம். ஜகாத் வசூலிப்போரும் அந்த 8 வகையில் ஒருவர்தான். கூலியை மார்க்கமே அனுமதித்திருக்கிறது. அப்படியானால் வேலை செய்தவருக்கு எந்தத் தலைப்பிலிருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.