இரகசியம் யாருக்குச் சொந்தம்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகிக்கு ஒரு விஷயம் பாதி தெரியும். அவள் தமையனுக்கு மறுபாதி தெரியும். இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதை மட்டும் பேச மாட்டார்கள். 'அட, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?' என்று கோபித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதிய வாசகர்கள் உண்டு. நான் அசைந்துகொடுப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் இரண்டு பாதியையும் சேர்த்துவிடலாம் என்ற தைரியந்தான்.

சர்க்காரின் உளவு இலாகாக்களில் அப்படி முழுவதும் தெரிந்தவன் பெரும்பாலும் இருப்பதில்லை. பாதி பாதியாகத் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். தன் பாதியை அடுத்த இலாகாவுக்குச் சொல்லாமலிருப்பது அங்கே குற்றமென்று கருதப்படுவதில்லை. தொழில் தர்மமென்று கருதப்படுகிறது. இந்தத் தர்மம் எதுவரையில் தர்மம்? 2001 செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் நடந்ததைப் பற்றி விசாரணைக் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அமெரிக்காவில் வெளிநாட்டு உளவுக்குச் சி.ஐ.ஏ.; உள்நாட்டில் குற்றங்களைத் துலக்குவதற்கு எஃப்.பி.ஐ. இரண்டுக்கும் எஜமானர் ஒருவரே. ஆனாலும் ஓரகத்திகளைப் போலத்தான் நெடுங்காலம் குடித்தனம் நடத்தின. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல்காயிதாவைச் சேர்ந்த சிலர் கூடினார்கள். சி.ஐ.ஏ.வுக்காக மலேசியப் போலீசார் அவர்களைப் படம் பிடித்தார்கள். கூட்டத்துக்கு வந்த காலித் அல் மிஹ்தார் என்பவனின் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா செல்லும் விசா இருப்பதும் சி.ஐ.ஏ.வுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே பணியாற்ற அனுப்பப்பட்டிருந்த எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், தம் இலாகாவுக்கு இதைத் தெரிவிக்க ஒரு தந்தி தயாரித்தார். அதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் குறிப்பு எழுதப்பட்டது. தந்தி போகவில்லை.

அதே மாதம் 15ஆம் தேதி மிஹ்தாரும் நவாஃப் அல் ஹஸ்மியும் லாஸ் ஏஞ்சல்ஸில் வந்து இறங்கினார்கள். ஹஸ்மி வந்திறங்கிய செய்தி மார்ச்சில் சி.ஐ.ஏ.வுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் அங்கேயே தங்கிவிட்டது. அவர்களோ ஒளிந்து வாழவில்லை. சான் டியாகோ நகரத்தின் தொலைபேசிப் புத்தகத்தில் ஹஸ்மியின் பெயர் அச்சாகியிருந்தது. சில மாதங்கள் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவந்தவர்! நாவலில் நான் இப்படி எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தைத்தது 2001 ஜூன் 11ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த கூட்டம். முந்திய அக்டோபரில் ஏடனில் 'கோல்' என்ற போர்க்கப்பல் தகர்க்கப்பட்டு 17 மாலுமிகள் இறந்திருந்தார்கள். அதைத் துப்பறிந்துகொண்டிருந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் முன் கோலாலம்பூர்ப் படங்களை வைத்தார்கள். 'இவர்கள் யார்? எதற்காகக் கூடினார்கள்?' என்று இவர்கள் கேட்டார்கள். சரியான பதில் வரவில்லை. குரல்கள் உயர்ந்தன. விசா விஷயமும் பிரயாண விஷயமும் தெரிந்த சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. சி.ஐ.ஏ.யின் தகவல்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தமக்கு அதிகாரம் இல்லை என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். கூட்டத்தை ஏற்பாடு செய்த பெண் அதிகாரியோ, அவருக்குத் தெரிந்திருந்தால் தாமாகவே சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாராம்.

அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியை மீறாத உத்தியோகஸ்தர். இரவில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்குப் பயமாக இருப்பது அந்தத் தூக்கந்தான். பொய் சொல்லுகிறவன் எதிரில் ஒரு முகத்தைப் பார்க்கிறான். அந்த முகம் என்றைக்காவது அவனை உறுத்தும். சொல்லாமல் இருந்துவிட்டவனுக்கு எந்த முகமும் தெரிவதில்லை. ஆகஸ்டு கடைசியில் ஒருவழியாக எஃப்.பி.ஐ. அந்த இருவரையும் தேடப் புறப்பட்டபோது வேலை ஒரே ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்பில் அவருக்கு அதுதான் முதல் வேலை. முப்பது நாள் தவணையும் கிடைத்தது. பெண்டகன் மீது மோதிய விமானத்தில் மிஹ்தாரும் ஹஸ்மியும் இருந்தார்கள். அவர்கள் கூட்டத்தாரை நீக்கி, அன்று இறந்தவர்கள் 2977 பேர். ஜூன் மாதத்தில் ஒருவர் வாய் திறந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல நான் யார்? தேடவாவது தொடங்கியிருப்பார்கள்.

'சுவர்களை எல்லாம் இடித்துத் தள்ளு' என்று இதைக் கேட்டதும் சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. சில சுவர்கள் நியாயத்துக்காகவே எழுப்பப்பட்டவை. 1960களில் எஃப்.பி.ஐ. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக் கேட்டது. அவர் தங்கிய அறைகளிலும் கருவிகளை ஒளித்து வைத்தது. 1975இல் செனட் சபைக் குழு ஒன்று விசாரித்து இவற்றை அம்பலப்படுத்திய பின்பு, 1978இல் உளவுக்காக ஒட்டுக் கேட்பதை நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தார்கள். உளவில் கிடைத்தவை குற்ற வழக்குக்குள் புகுந்துவிடாதபடி 1995இல் மேலும் விதிகள் வந்தன. குடிமகனின் வீட்டுக்குள் சர்க்கார் எட்டிப்பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணந்தான். பின்னாளில் விதி தடுத்ததற்கு மேலேயே தடுப்பதாக ஆட்கள் எண்ணிக்கொண்டார்கள். கதவைச் சாத்து என்றால் ஜன்னலையும் சேர்த்து அடைத்துவிடுகிற சுபாவம் உத்தியோகத்துக்கு உண்டு.

அந்த நாட்டுக்கு இது புதிதுமல்ல. 1940இல் ஜப்பானியரின் இரகசியத் தந்திகளை உடைத்துப் படிப்பதில் அமெரிக்கத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் போட்டி. முடிவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: இரட்டைப்படைத் தேதியிட்ட தந்திகள் தரைப்படைக்கு, ஒற்றைப்படைத் தேதியிட்டவை கடற்படைக்கு! பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பங்கு போடுகிற மாதிரி. அங்கே கையில் இருந்ததோ தேசத்தின் உயிர். பாதுகாத்துத் தரும்படி ஒப்படைத்த அடைக்கலப் பொருளை, நாளடைவில் தன் சொத்தென்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சொத்தைக் கொடுத்தால் கௌரவம் குறையுமே!

ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்று வள்ளுவரும் ஒற்றாடல் அதிகாரத்தில் சொல்லத்தான் சொல்கிறார். மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்றும் சொல்கிறார். மூன்று பேர் சொல்லையும் கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்பது அவர் கணக்கு. வாஷிங்டனில் ஒற்றர்களைப் பிரித்து வைத்தார்கள். காதை வைக்க மறந்துவிட்டார்கள். 2004இல் சட்டம் செய்து, எல்லா உளவு இலாகாக்களுக்கும் மேலே ஒரு தலைவரை நியமித்தார்கள். பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற வேகமும் வந்தது. அந்த வேகத்துக்கும் விலை உண்டு. 2010இல், ஈராக்கில் இருந்த ஒரு சாதாரணச் சிப்பாய் எடுத்துக் கொடுத்த சுமார் இரண்டரை லட்சம் தூதரகத் தந்திகள் உலகுக்கு வெளியாகத் தொடங்கின. யாரை நம்பிச் சொல்வது என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை.

'கோல்' வழக்கைத் துப்பறிந்தவர்களில் அலி சூஃபான் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரியும் ஒருவர். லெபனானில் பிறந்தவர், அரபு மொழி நன்றாகத் தெரிந்தவர். தென்கிழக்கு ஆசியாவில் அல்காயிதாக்காரர்கள் கூடினார்களா என்று அவர் சி.ஐ.ஏ.வை மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தார். மூன்று தடவையும் உருப்படியான பதில் இல்லை. செப்டம்பர் 12ஆம் தேதி ஏமன் நாட்டில் ஓர் உறையை அவர் கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தார், கழிவறைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தார். உறைக்குள் இருந்த படங்கள் பிடிக்கப்பட்டு இருபது மாதங்கள் ஆகியிருந்தன.